பனிமலையில் ஒரு கந்தஹார்

சுவிட்சர்லாந்து நாட்டில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மடியில், மியூரன் என்றொரு சிற்றூர் உண்டு. செங்குத்தான பாறை விளிம்பொன்றின் மேல், கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், கழுகின் கூடுபோல் அமைந்த ஊர் அது. அவ்வூரில் 1924-ஆம் ஆண்டு பனிச்சறுக்கு விளையாட்டுக்கென ஒரு கழகம் நிறுவப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'கந்தஹார்'. நான்கு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரியாவில் தொடங்கிய புகழ்பெற்ற பனிச்சறுக்குப் பந்தயத்தின் பெயர் 'ஆர்ல்பெர்க் கந்தஹார்'. ஜெர்மனியின் கார்மிஷ் நகரில், வீரர்கள் மலைச்சரிவில் பாய்ந்திறங்கும் பாதைக்கே கந்தஹார் என்றுதான் பெயர்.

மாதுளைக்குப் பேர்போன ஆப்கானிய நகரம் எங்கே, ஐரோப்பாவின் பனிமலை எங்கே? ஒரு பெயர் இத்தனை தொலைவு நடந்து சென்ற கதையைப் பின்தொடர்ந்தால், செல்வந்தர்களின் உல்லாசம் ஒன்றின் வரலாறு மட்டுமன்று, அதற்கு அடியில் புதைந்து கிடக்கும் ஏழைகளின் வரலாறும் நமக்குப் புலனாகும்.

பசியின் மறுபெயர்

ஆல்ப்ஸ் என்றதும் வெண்பனிச் சரிவுகளும், வண்ண உடையணிந்து சறுக்கி விளையாடும் கூட்டமும், கணப்படுப்பு எரியும் விடுதிகளுமே இன்று நம் நினைவில் எழுகின்றன. ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன்னர் அம்மலைவாழ் மக்களுக்குப் பனி என்பது பசியின் மறுபெயராகவே இருந்தது. ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் வயல் மூடிக் கிடக்கும், வழியும் மூடிக் கிடக்கும். கோடையில் அறுத்துச் சேர்த்த வைக்கோலை நம்பி மாடும், மாட்டை நம்பி மனிதரும் ஒரே கூரையின் கீழ் காலம் கழிப்பார்கள். உயரத்தில் வெட்டிய விறகையும் சேர்த்து வைத்த புல்லையும் கனத்த சறுக்குவண்டிகளில் ஏற்றி, உயிரைப் பணயம் வைத்துச் சரிவில் இழுத்து வருவார்கள். பின்னாளில் பந்தயமாக மாறிய சறுக்குவண்டி, அன்று சுமைவண்டியாகவே இருந்தது.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. டைரோல், ஃபோரார்ல்பெர்க், கிராவ்புண்டன் ஆகிய மலைப்பகுதிகளின் ஏழைக் குடும்பங்கள், தம் பிள்ளைகளுக்கு உணவளிக்க வகையின்றி, ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அவர்களைத் தெற்கு ஜெர்மனியின் ஸ்வேபியாப் பகுதிக்கு அனுப்பி வைத்தன. கணவாய்களில் பனி உருகுமுன்னரே அச்சிறார் கூட்டமாக நடந்து மலை கடந்தனர். ராவன்ஸ்பர்க் போன்ற ஊர்களில் கூடிய சந்தைகளில் அவர்களைப் பண்ணையார்கள் பேரம் பேசி வேலைக்கு எடுத்துக்கொண்டனர். நவம்பர் மாதம் வரை மாடு மேய்த்து, ஒரு சோடி உடுப்பும் காலணியும் சிறிது காசும் பெற்று அவர்கள் வீடு திரும்பினார்கள். 'ஸ்வேபியக் குழந்தைகள்' என்று வரலாறு அவர்களைக் குறிக்கின்றது. இவ்வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை நீடித்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கின்றது.

நோயாளிகள் திறந்த வாசல்

இத்தகைய மலைக்குக் குளிர்காலத்தில் யார் தேடி வருவார்கள்? முதலில் தேடி வந்தவர்கள் உல்லாசிகள் அல்லர். நோயாளிகள்.

அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்பார் ஜெர்மானியப் புரட்சியில் பங்கு கொண்டு, அது தோற்றபின் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தவர். சூரிச் நகரில் மருத்துவம் பயின்று, 1853-ஆம் ஆண்டு தாவோஸ் என்னும் மலையூருக்கு மருத்துவராக வந்தார். அவ்வூர் மக்களிடையே காசநோய் அரிதாயிருப்பதை அவர் கண்டார். உயர்ந்த இடத்தின் உலர்ந்த காற்றும் வெயிலும் அந்நோய்க்கு மருந்தாகும் எனக் கருதினார். அதை நம்பி 1865-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கொட்டும் பனிக்காலத்தில், ஜெர்மானிய நோயாளிகள் இருவர் தாவோஸ் வந்து சேர்ந்தனர். அவர்களைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். அவர்களுள் 'புதையல் தீவு' நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனும் ஒருவர்.

அண்மையிலுள்ள சான்க்ட் மோரிட்ஸ் என்னும் ஊரைப் பற்றி வேறொரு கதை வழங்குகின்றது. யோஹன்னஸ் பட்ருட் என்னும் விடுதிக்காரர், 1864-ஆம் ஆண்டுக் கோடையின் முடிவில், ஊர் திரும்பவிருந்த ஆங்கிலேய விருந்தினர் சிலரிடம் பந்தயம் கட்டினாராம். "குளிர்காலத்தில் இங்கு வந்து தங்கிப் பாருங்கள், மனம் நிறையாவிடில் வழிச்செலவு என்னுடையது" என்றாராம். வந்தவர்கள் வசந்தம் பிறந்த பின்னரே திரும்பினார்களாம். இது செவிவழிக் கதையே எனினும், அவ்வூர் குளிர்கால வாசஸ்தலமாக வளர்ந்தது வரலாற்று உண்மை.

நீண்ட குளிர்காலத்தில் விருந்தினருக்குப் பொழுது போக வேண்டுமல்லவா? உறைந்த ஏரிகளில் சறுக்கினார்கள். ஊர்ப்பிள்ளைகளின் சறுக்குவண்டிகளை வாங்கிச் சரிவில் விட்டுப் பார்த்தார்கள். 1883-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தாவோஸுக்கும் குளோஸ்டர்ஸுக்கும் இடையிலுள்ள சாலையில் முதல் பன்னாட்டுச் சறுக்குவண்டிப் பந்தயம் நடைபெற்றது. 21 பேர் கலந்துகொண்டனர். 4 கிலோமீட்டர் தொலைவை 9 நிமிடம் 15 விநாடியில் கடந்து இருவர் சமமாக முதலிடம் பெற்றனர். ஒருவர் ஜார்ஜ் ராபர்ட்ஸன், ஆஸ்திரேலிய மாணவர். மற்றவர் பீட்டர் மின்ஷ், குளோஸ்டர்ஸ் ஊர்த் தபால்காரர். முன்னவருக்கு அது விளையாட்டு. பின்னவருக்கோ அது அன்றாடம் பிழைப்புக்காகப் போய்வரும் பாதை. இந்தச் சமநிலையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பலகையில் வந்த புதுமை

இன்று ஆல்ப்ஸின் அடையாளமாகவே ஆகிவிட்ட பனிச்சறுக்குப் பலகை, உண்மையில் ஆல்ப்ஸில் பிறந்ததன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வடபுலத்து ஸ்காண்டிநேவிய மக்கள் வேட்டைக்கும் பயணத்திற்கும் பயன்படுத்திய சாதனம் அது. நார்வே நாட்டு ஃபிரிட்யோஃப் நான்சன் 1888-ஆம் ஆண்டு பலகைகளின் துணைகொண்டு கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்தார். அப்பயணத்தைப் பற்றிய அவரது நூல் ஜெர்மன் மொழியில் வந்தபின், ஆல்ப்ஸ் நாட்டு இளைஞரிடையே அவ்வார்வம் தீப்போல் பரவிற்று.

தாவோஸில் பிராங்கர் சகோதரர்கள் இருவர் நார்வேயிலிருந்து பலகைகளைத் தருவித்தனர். ஊரார் எள்ளி நகையாடுவதற்கு அஞ்சி, இருள் சூழ்ந்த பின்னரே அவர்கள் பயிற்சி செய்ததாகச் சொல்லப்படுகிறது. மனைவியின் காசநோய் காரணமாகத் தாவோஸில் தங்கியிருந்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில், 1894-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அச்சகோதரர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு, மலைக்கணவாய் ஒன்றைக் கடந்து அரோசா சேர்ந்தார். அங்கு விடுதிப் பதிவேட்டில் அவருடைய தொழிலை எழுதவேண்டிய இடத்தில், சகோதரர்களுள் ஒருவர் 'விளையாட்டாளர்' என்று எழுதினார். ஒருவரின் தொழிலே விளையாட்டு என்பது அம்மலைவாசிக்குப் புதிய செய்தியாக இருந்திருக்கும். இவ்விளையாட்டுக்காகவே ஆங்கிலேயர் நூற்றுக்கணக்கில் சுவிட்சர்லாந்து வரும் நாள் வரும் என்று டாயில் எழுதியது பின்னர் பலித்தது.

பெயர் வந்த வழி

இனி கந்தஹாருக்கு வருவோம். 1880-ஆம் ஆண்டு ஜூலையில் மைவந்த் போர்க்களத்தில் அய்யூப் கானின் படை ஆங்கிலேயரை முறியடித்தது. டாயில் படைத்த டாக்டர் வாட்சன் என்னும் கதாபாத்திரம் காயமுற்றதும் அப்போரில்தான். தோல்வியை ஈடுசெய்ய, தளபதி ராபர்ட்ஸ் காபூலிலிருந்து கந்தஹாருக்கு ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படையை 300 மைலுக்கு மேல் நடத்திச் சென்று, செப்டம்பர் முதல் நாளில் வெற்றி கண்டார். நடந்தவர்களுள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சுமை சுமந்து உடன் சென்றோர் பல ஆயிரம். ஆனால் 'கந்தஹார் பிரபு' என்னும் பட்டம் ராபர்ட்ஸுக்கே வாய்த்தது.

அந்தப் பிரபுவின் பெயரைப் பனிமலைக்குக் கொண்டு சென்ற குடும்பத்திற்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. ஹென்றி லன் என்னும் ஆங்கிலேயர் 1887-ஆம் ஆண்டு கிறித்தவ மதபோதகராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். அவர் மகன் ஆர்னால்ட் லன் 1888-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய ஹென்றி, பின்னர் ஆல்ப்ஸுக்கு மக்களைக் குளிர்கால உல்லாசப் பயணம் அழைத்துச் செல்லும் தொழிலில் பெரும்புகழ் பெற்றார். 1911-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் மொண்டானாவில் மலையிறங்கும் பந்தயம் ஒன்று நடைபெற்றது. அதற்குக் கோப்பை வழங்கியவர் ராபர்ட்ஸ் பிரபு. 'கந்தஹார் ராபர்ட்ஸ் கோப்பை' என்று அதற்குப் பெயராயிற்று. இவ்வாறாக, போரில் வென்ற பெயர் விளையாட்டில் ஒட்டிக்கொண்டது.

சென்னையில் பிறந்த ஆர்னால்டே இன்றைய பனிச்சறுக்குப் போட்டிக்கு விதி வகுத்தவர்களுள் முதல்வர். நட்டுவைத்த கொடிகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் 'ஸ்லாலம்' பந்தயத்தின் இன்றைய வடிவத்தை 1922-ஆம் ஆண்டு மியூரனில் அமைத்தவர் அவரே. ஆஸ்திரியாவின் சான்க்ட் ஆன்டோன் ஊரில் ஹன்னஸ் ஷ்னைடர் என்னும் பயிற்சியாளருடன் சேர்ந்து 1928-இல் ஆர்ல்பெர்க் கந்தஹார் பந்தயத்தைத் தொடங்கியவரும் அவரே. மலையூர்க் குடும்பத்தில் பிறந்த ஷ்னைடர், வளைந்து நின்று வேகத்தை அடக்கும் கலையை உலகுக்குக் கற்பித்தவர். 1938-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவை நாஜிகள் விழுங்கியபோது ஷ்னைடர் சிறைப்பட்டார். ஆர்னால்ட் லன் அவ்வாண்டின் பந்தயத்தையே ரத்துச் செய்தார். விளையாட்டினும் நட்பும் நீதியும் பெரிது எனக் காட்டிய செயல் அது. அடுத்த ஆண்டு ஷ்னைடர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

பனி தந்ததும் பனி கேட்பதும்

1924-ஆம் ஆண்டு பிரான்சின் ஷமோனி நகரில் குளிர்கால ஒலிம்பிக் பிறந்தது. 1934-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்னும் பொறியாளர் அமைத்த இழுவைக் கம்பி தாவோஸில் இயங்கலாயிற்று. மணிக்கணக்கில் ஏறிச் சில நிமிடங்கள் சறுக்கிய காலம் மாறி, ஒரே நாளில் பலமுறை சறுக்க வழி பிறந்தது. காசநோய்க்கு மருந்து கண்டபின் தாவோஸின் மருத்துவ மனைகள் பல விடுதிகளாயின. பிள்ளைகளை அயலூர்ச் சந்தைக்கு அனுப்பிய பள்ளத்தாக்குகள், உலகச் செல்வரை விருந்தினராக வரவேற்கும் ஊர்களாயின. பசியின் மறுபெயராயிருந்த பனி, வாழ்வின் முதலாயிற்று. இதை வெறும் ஆடம்பரம் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது.

ஆனால் அம்முதல் இன்று கரைந்து வருகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆல்ப்ஸின் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. உலகச் சராசரியினும் இது ஏறக்குறைய இருமடங்கு. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில், பனியின்றிப் பச்சைப் புல் தெரிந்த சரிவுகளைப் பார்த்துப் பல ஊர்கள் திகைத்து நின்றன. இயந்திரங்கள் நீரைத் தூவிச் செயற்கைப் பனி பொழிகின்றன. அதற்கும் குளிர் வேண்டும், நீர் வேண்டும், பெரும் பொருளும் வேண்டும். பணம் படைத்த ஊர் தாக்குப்பிடிக்கும். தாழ்வான சரிவிலுள்ள சிற்றூர் என்ன செய்யும்? பனி மிகுந்தபோது வருந்தியவர்களின் பேரர்கள், பனி குறைவதைக் கண்டு வருந்தும் காலம் இது.

பெயர்கள் பிரபுக்களோடு பயணம் செய்கின்றன. கந்தஹார் என்னும் சொல் பாலைவழியே நடந்த சிப்பாய்களின் காலால் வென்றது. அது ஒரு பிரபுவின் பட்டமாகி, கோப்பையாகி, கழகமாகி, மலைப்பாதையாகவும் ஆயிற்று. நடந்தவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. மலை கடந்த ஸ்வேபியக் குழந்தைகளின் பெயரால் கோப்பை எதுவும் வழங்கப்பட்டதாக நாம் அறியோம்.

அதனால்தான் 1883-ஆம் ஆண்டின் அந்தப் பந்தயம் நெஞ்சில் நிற்கின்றது. விளையாட வந்த மாணவரும், கடிதம் சுமந்த தபால்காரரும் அன்று ஒரே நேரக் கணக்கில் எல்லைக்கோட்டைத் தொட்டனர். இருவர் பெயரையும் ஏடு ஒருங்கே எழுதி வைத்தது. ஓய்வெடுப்பவனுக்கும் அவனுக்காக உழைப்பவனுக்கும் வரலாறு ஒரே வரியில் இடமளித்த நாள் அது. அத்தகைய நாள்கள் அரியவை. ஆகவே அந்தத் தபால்காரர் பீட்டர் மின்ஷின் பெயரை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.