கோஷா மருத்துவமனையும் வலி நீக்கமும்

மகளிர் மருத்துவத்தின் வரலாற்றில் இரு துன்பங்கள் பிணைந்தே வந்துள்ளன. ஒன்று, கருவி தரும் வலி. மற்றொன்று, அந்நியர் முன் உடலைக் காட்ட நேரும் கூச்சம். முன்னதற்கு மருந்து வேண்டும். பின்னதற்கு ஏற்பாடு வேண்டும். இரண்டும் ஒருங்கே கிடைத்த இடத்தில்தான் பெண்கள் அஞ்சாமல் மருத்துவரை நாடினர்.

அந்தலூஸின் மருத்துவ மேதை அல்ஸஹ்ராவி (மறைவு ஏறத்தாழ கி.பி. 1013) எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் நூல் முப்பது பகுதிகளைக் கொண்டது. அறுவை மருத்துவத்தைக் கூறும் அதன் இறுதிப் பகுதியில் மகளிர் மருத்துவக் கருவிகளும் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. பெண்ணுக்குச் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்ற நேர்ந்தால், தேர்ந்த பெண் மருத்துவரையோ மருத்துவச்சியையோ துணைக்கொள்ள வேண்டும் என அவர் அறிவுறுத்துகிறார். கருவியோடு நில்லாது, அதை ஏந்தும் கை யாருடையது என்பதையும் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். இப்னு ஸீனாவோ தம் ‘அல்கானூன்’ நூலில் வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்து, அபினி முதலான மரப்பூட்டும் மருந்துகளையும் ஆராய்ந்தார்.

1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் மகப்பேற்றில் குளோரோபாரத்தைப் பயன்படுத்தினார். ஆயினும் மருந்து வந்துவிட்டதால் மட்டும் அது எல்லாப் பெண்களையும் எட்டிவிடவில்லை. சென்னையில் கோஷா முறையைக் கைக்கொண்ட முஸ்லிம் பெண்டிரும், உயர்குல இந்துப் பெண்டிர் பலரும் ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்தனர். மருந்து ஊரில் இருந்தும் வலி வீட்டுக்குள்ளேயே தங்கியது.

இந்நிலை கண்டு வருந்திய மேரி ஷார்லீப் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவ்வாண்டு அங்கு சேர்ந்த பெண்கள் நால்வர். பின்னர் இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவரது முயற்சியால் 1885-இல் ‘விக்டோரியா சாதி மற்றும் கோஷா மருத்துவமனை’ தோன்றியது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனையாக விளங்குவது அதுவே. பெண்களைப் பெண்களே கவனித்தனர். திரைக்குரிய மதிப்பும் காக்கப்பட்டது. சாதிப் பெயரைத் தாங்கி நின்றது அக்காலத்தின் குறையே. எனினும், நோயாளியின் நாணத்தை மூடத்தனம் என்று ஒதுக்காமல் அதற்கேற்ப மருத்துவமனையையே அமைத்தது பெரும் மாற்றமாகும்.

அதே காலத்தில் ஹைதராபாத்தில் ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலீ கானின் பொருளுதவியுடன் 1888, 1889 ஆண்டுகளில் இரு குளோரோபார ஆய்வுக் குழுக்கள் செயற்பட்டன. எட்வர்ட் லாரி அவற்றின் முன்னோடி. குளோரோபாரம் இதயத்தை நேரே தாக்குவதில்லை என்ற அவற்றின் முடிவைப் பிற்கால ஆய்வுகள் மறுத்தன. ஆனால் அந்நகரில் பயின்ற ரூபா பாய் பர்தூன்ஜி, மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த உலகின் முதற் பெண்களுள் ஒருவராய் விளங்கினார்.

சிறு சிகிச்சைகளுக்கு முழு மயக்கம் தேவையில்லை என்ற நிலை பின்னரே வந்தது. 1943-இல் சுவீடனில் உருவான லிடோகெயின் அதற்கு வழி வகுத்தது. கருப்பை வாயைச் சுற்றி அம்மருந்தை ஊசியால் செலுத்தினால் அப்பகுதி மரத்துப்போகிறது. காப்பர்-டி பொருத்துதல், கருப்பை உட்சவ்வின் சதைத் துணுக்கை எடுத்தல் ஆகியவை புறநோயாளர் பிரிவிலேயே நடப்பவை. சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் இவற்றின் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கமே நெடுநாள் நீடித்தது. 2024-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதல், காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனங்களைப் பொருத்துமுன் லிடோகெயின் பயன்படலாம் எனவும், வலியைக் குறித்து ஒவ்வொரு பெண்ணிடமும் முன்கூட்டியே பேச வேண்டும் எனவும் கூறியது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற புறநகர்களில் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கும் இந்த வரலாறு உரியது. என்ன செய்யப் போகிறோம் எனச் சொல்லுதல், மறைப்பு அமைத்தல், விரும்பினால் பெண் துணையை உடனிருத்துதல், ‘நிறுத்துங்கள்’ என்றதும் நிறுத்துதல் ஆகிய எதற்கும் பெருஞ்செலவு இல்லை. வலிக்கிறது என்று அவள் சொன்னால், அதை முறையீடாக அன்று, மருத்துவக் குறிப்பாகவே கொள்ள வேண்டும். ஊசி மருந்து வலியைக் குறைக்கும். மதிப்பு அச்சத்தைக் குறைக்கும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.