மதம் நோயல்ல
ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே உள்ள மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமானது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. யானைகளின் காடும் அதுதான். அங்கே மதம் பிடித்த ஆண் யானையின் கன்னத்தில் மதநீர் வழியும். பின்னங்கால்கள் சிறுநீரில் நனைந்திருக்கும். தீனி குறைந்து, பெண் யானையைத் தேடி அலைந்து மெலியும். இப்படி மெலிவது யானை மட்டுமல்ல; கடற்கரையில் மூன்று மாதம் வரை பட்டினி கிடந்து இணைகளைக் காக்கும் யானை சீல் என்ற கடல் விலங்கின் ஆணும் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கிறது. ஆகவே மதம் நோயல்ல, கொழுத்த உடல் செய்யும் செலவு என்பேன். தீனியைக் குறைத்து மதத்தைத் தணிக்கும் பாகர்களின் பழைய வழக்கமே இதற்குச் சாட்சி.

துணையில்லாமல் கட்டுண்டு கிடக்கும் யானைக்கும் மதம் வருகிறதே என்று கேட்கலாம். உடல் துணைக்காகக் காத்திருப்பதில்லை. சேர்த்த கொழுப்பும் சுரக்கும் ஹார்மோனும் போதும். அந்த யானையைச் சங்கிலியில் பட்டினி போடுவதை வைத்தியம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.