கெடுவும் வரவும்: ஏழைக் குடும்பங்களின் கல்லூரிச் செலவில் காலத்தின் பங்கு

உயர்கல்வியில் சேரும் வயதினரில் எத்தனை விழுக்காட்டினர் உண்மையில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் மொத்தச் சேர்க்கை விகிதம், 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதற்கும் 28.4 ஆகவும் தமிழ்நாட்டில் 47 ஆகவும் இருந்தது. முதல் பட்டதாரிச் சலுகை, கல்வி உதவித்தொகை, அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு என்று பல உதவிகளை அடுக்கி வைத்திருக்கும் இந்த மாநிலத்திலும், ஆண்டுதோறும் கலந்தாய்வுக் காலத்தில் நகை அடகுக்குப் போவதும் வட்டிக்குப் பணம் புரட்டப்படுவதும் நின்றபாடில்லை. இதற்குக் கட்டணத்தின் அளவையே காரணமாகச் சொல்வது வழக்கம். அளவும் ஒரு காரணமே. ஆயினும் பணம் கேட்கப்படும் நாளும் பணம் கைக்கு வரும் நாளும் ஒத்துப்போகாமை அதனினும் குறைவாகக் கவனிக்கப்பட்ட காரணம் என்பதும், உதவித் திட்டங்கள் பலவும் இந்த இடைவெளியைக் குடும்பத்தின் தலையிலேயே ஏற்றிவைக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கல்லூரிக் கட்டணம் கேட்கப்படுவது பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில். காவிரிப் படுகையில் மேட்டூர் அணை திறக்கப்படும் மரபான நாள் ஜூன் 12. குறுவைக்கு விதை, உழவு, நடவுக் கூலி என்று கையிருப்பு முழுவதும் வயலில் இறங்கும் நேரம் அது. அந்த முதல் திரும்பிவரச் செப்டம்பர், அக்டோபர் ஆகும். சம்பாவை நம்பியிருக்கும் குடும்பம் தை மாதம் வரை காத்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை இருப்பதால், பிளஸ் டூ முடிவு வந்து விண்ணப்பம் போடும் நாள்களில் விசைப்படகு மீனவர் குடும்பங்களுக்கு மீன்பிடி வருமானமே இராது. சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளிக்குப் போனஸ் கிடைப்பது தீபாவளியை ஒட்டி. ஆண்டு வருமானம் என்ற ஒற்றை எண்ணை வைத்துத் தகுதியைக் கணிக்கும் வருமானச் சான்றிதழில், அந்த வருமானம் எந்த மாதத்தில் வருகிறது என்பதற்கு இடமில்லை.

இடைவெளியை நிரப்பக் குடும்பங்களிடம் சில வழிகள் உண்டு. உறவினரிடம் கைமாற்று வாங்குவது, ஏலச் சீட்டைத் தள்ளி எடுப்பது, நகையை அடகு வைப்பது, இவை எதுவும் இயலாதபோது தனியாரிடம் வட்டிக்கு வாங்குவது என்பது பொதுவான வரிசை. கீழே இறங்க இறங்க வட்டி ஏறும். ஊர் வழக்கில் மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 விழுக்காடு. எடுத்துக்காட்டாக, 25,000 ரூபாய்க் கட்டணத்தை இந்த வட்டிக்கு வாங்கிக் கட்டிய குடும்பத்துக்கு ஒன்பது மாதம் கழித்து உதவித்தொகை முழுமையாக வந்து சேர்ந்தாலும், அதற்குள் வட்டி மட்டும் 6,750 ரூபாய் ஆகியிருக்கும். அரசின் கணக்கில் அந்த மாணவருக்குக் கட்டணச் சுமையே இல்லை. குடும்பத்தின் கணக்கிலோ கட்டணத்தில் கால் பங்குக்கும் மேல் இழப்பு. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. ஆனால் அவசரத் தேவைக்கு வேறு வாயில் இல்லாதவரை, தண்டனை விதிக்கும் சட்டம் கடன் கேட்பவரின் நெருக்கடியைத் தீர்த்துவிடாது.

பட்டியல் வகுப்பு மாணவர்க்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை இந்த முரணை நன்கு காட்டுகிறது. 1944 முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டத்தில், மாநிலம் ஓர் அடிப்படைத் தொகை வரை தானே ஏற்க வேண்டும், அதற்கு மேற்பட்டதையே மத்திய அரசு தரும் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. அந்த அடிப்படைத் தொகை ஐந்தாண்டுத் திட்டக் காலந்தோறும் உயர்ந்துகொண்டே போனதால் மாநிலங்களின் பங்கு பெருகி, 2017-18 முதல் 2019-20 வரையில் மத்திய உதவி ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய் என்ற அளவில் நின்றது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதை மாற்றி 60:40 என்ற பங்கீட்டை ஏற்றதோடு, ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டு, அதில் 35,534 கோடியைத் தன் பங்காக வகுத்தது. அளவைப் பொறுத்தவரை இது பெரிய திருத்தம். ஆனால் புதிய முறையில் மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பிறகே மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். மாணவர் அதை எடுத்துக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய தாமதம் உண்டு. அதுவரை கல்லூரி பொறுக்குமா என்பது கல்லூரி நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. இப்போது கட்டிவிடுங்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பித் தருகிறோம் என்ற பதில் சுயநிதிக் கல்லூரி அலுவலகங்களில் புதிதன்று. அவ்வாறு கட்டும் கூலித் தொழிலாளி, உண்மையில், அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர் ஆகிறார்.

வங்கிக் கல்விக் கடனாவது இந்த இடைவெளியை அடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பின், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் 2009-10 முதல் உள்ளது. சிக்கல் தொடக்கத்திலேயே இருக்கிறது. சேர்க்கை உறுதியானதற்கான கல்லூரிச் சான்றும் கட்டண விவரமும் இன்றி வங்கி கடனைப் பரிசீலிக்காது. முதல் தவணை கட்டாமல் கல்லூரி சேர்க்கையை உறுதிசெய்யாது. ஆகவே வங்கிக் கடன் பெறுவதற்கே முதலில் ஒரு கைக்கடன் வேண்டியிருக்கிறது.

இவ்விடைவெளி சில வேளைகளில் மாதக்கணக்கில் இராமல் மணிக்கணக்கில் அமைவதுண்டு. உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த, தினக்கூலித் தொழிலாளியின் மகனான பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவர், 2024இல் தன்பாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கிடைத்த இடத்தை, 17,500 ரூபாயை ஜூன் 24 மாலை 5 மணிக்குள் செலுத்த இயலாமல் இழந்தார். நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னைக் கழகம் என்பதால் அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, பின்னர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். செப்டம்பர் 30 அன்று அந்நீதிமன்றம், முழு நீதி வழங்குவதற்கான தன் தனி அதிகாரத்தைத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, இடத்தை மீட்டுக் கொடுத்தது. 2021இல் மும்பைக் கழகத்தில் கட்டணம் செலுத்தத் தவறிய மற்றொரு மாணவருக்கும் அதே நீதிமன்றம் அதே வழியில் உதவியிருந்தது. மூன்றாண்டு இடைவெளியில் இருமுறை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தலையிட்டும், கெடு என்ற விதி கெடு என்றே தொடர்கிறது. டெல்லி வரை போக முடியாத மாணவர்களின் இடங்கள் அடுத்த தரவரிசைக்காரருக்குப் போய்விடுவதால், அவர்களின் எண்ணிக்கை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

காலத்தைச் சரிசெய்தால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு வந்தபோது, தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்த சிலர் கட்டணத்துக்கு அஞ்சி அதை விட்டுவிட்டனர். உதவித்தொகைத் திட்டங்கள் அப்போதும் இருந்தன. அவை ஒப்புதலாகி வரும் வரை காத்திருக்க அவர்களால் இயலவில்லை. இதையடுத்து அதே நவம்பரில் அரசு, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு சுழல் நிதியை ஏற்படுத்தி, கட்டணத்தைக் கல்லூரிகளுக்கு நேரடியாக உடனே செலுத்துவதாக அறிவித்தது. சுழல் நிதி என்பது முன்பணமாகக் கொடுத்து, உரிய தொகை பின்னர் வரும்போது தன்னை நிரப்பிக்கொள்ளும் நிதி. காத்திருக்கும் வேலையை மாணவரின் வீட்டிலிருந்து அரசுக் கழகத்துக்கு மாற்றியதே இந்த ஏற்பாட்டின் சாரம். 2021இல் உள் ஒதுக்கீடு பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கு விரிந்தபோது, கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் கூட அரசே ஏற்றுக்கொண்டது.

முன்கூட்டியே பணம் விடுவித்தால் போலிச் சேர்க்கை காட்டிக் கல்லூரிகள் பணம் பறிக்கும் என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் சரிபார்ப்பு தேவை என்பதிலிருந்து, சரிபார்ப்பு முடியும் வரை செலவை மாணவர் தாங்க வேண்டும் என்ற முடிவு பெறப்படாது. பிழை கண்டால் கல்லூரியிடமிருந்து திரும்ப வசூலிக்க அரசுக்கு அதிகாரமும் ஆளும் உண்டு. தாமதமானால் வட்டியை அரசிடம் கேட்டுப் பெற ஒரு தாய்க்கு எந்த வழியும் இல்லை.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் வேறொரு கோணத்தில் பொருந்துகிறது. தாலிக்குத் தங்கம் வழங்கிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தையே மாற்றியமைத்து, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயை அவரவர் கணக்கில் இது செலுத்துகிறது. (மகளின் கல்யாணத்துக்கு வைத்த தங்கத்தை அவள் படிப்புக்காக அடகுக் கடைக்கு அனுப்பும் வீடுகள் இம்மாற்றத்தை அரசுக்கு முன்பே செய்துவிட்டன எனலாம்.) ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. சாப்பாடு, ஒளிநகல், தேர்வுக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகளுக்கு மாதாந்தரப் பணமே ஏற்றது. ஜூலை மாதத்து மொத்தத் தொகைக்கு அது ஈடாகாது.

அந்த மொத்தத் தொகை இன்று மிகக் கடுமையாக விழும் இடம் பொறியியலோ மருத்துவமோ அன்று. முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்வோர்க்கு உரியது. அரசுக் கலைக் கல்லூரியிலோ கட்டணம் சிறிது. இவ்விரண்டுக்கும் நடுவே, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் அதே வளாகத்தில் பெரும்பாலும் பிற்பகல் ஷிப்டாக நடக்கும் சுயநிதிப் பிரிவுகளில் பி.காம்., பி.சி.ஏ. படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். காலையில் அதே வகுப்பறையில் அமர்ந்து சென்றவரைவிடப் பல மடங்கு கட்டணத்தை இவர்கள் பருவந்தோறும் கட்ட வேண்டும்; கட்டாதவரை ஹால் டிக்கெட் அலுவலகத்திலேயே கிடக்கும். இவர்களை முன்னிட்டு ஒரு சுழல் நிதி இதுவரை ஏற்படவில்லை.