அத்தை வீட்டுப் பால் ஜக்கு



"சார், வெள்ளி விலை ஏறிக் கிடக்கு. வீட்டுல இருக்கிற பழைய சாமானைப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?" என்று கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு மாணவி போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பாக்கத்தில் என் அத்தை வீட்டுப் பூஜை அலமாரியில் கையடக்கமான வெள்ளி ஜக்கு ஒன்று இருந்தது. மாமாவின் தாத்தா மெட்ராஸில் ஒரு துரை வீட்டில் பட்லர். துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். ஜக்கைச் சுற்றி முருகனும் கண்ணனும் புடைத்து நிற்பார்கள். துரை வீட்டில் டீக்குப் பால் ஊற்றிய பாத்திரம், எங்கள் வீட்டில் அபிஷேகப் பாலுக்கு ஆனது.

1986இல் அத்தை மகள் கல்யாணம். மாமாவோடு நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாமி உருவத்தைப் பார்க்கவில்லை, தராசைத்தான் பார்த்தார். ஒரு ஜோடி கொலுசும் கொஞ்சம் ரொக்கமும் கிடைத்தன. கொடுப்பதற்கு முன் ஜக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் குத்தியிருந்தது. வரலாறு பாடம் நடத்துகிற நான் அதைப் படித்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போது அதன் அருமை தெரியாது.

பிறகுதான் தேடிப் படித்தேன். மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கிறதே, அதே கடிகாரக் கடைதான். பீட்டர் ஆர் என்பவர் 1849இல் தொடங்கியது. விக்டோரியா ராணி காலத்தில் (1837–1901) கடிகாரத்தோடு வெள்ளிச் சாமானும் செய்து விற்றார்கள். டீ பாட், சர்க்கரைக் கிண்ணம், பால் ஜக்கு என்று வடிவம் சீமையுடையது, மேலே இருக்கும் தெய்வங்கள் நம்முடையவை. இதற்கு 'சுவாமி வெள்ளி' என்றே பெயர். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் மெட்ராஸ் வந்து போன பிறகு, இங்கிலாந்தில் இந்திய வெள்ளி வேலைக்கு மவுசு கூடியது.

வெள்ளித் தகட்டை அரக்கில் பதித்து, உட்பக்கமிருந்து தட்டி உருவத்தை எழுப்பி, பிறகு வெளிப்பக்கம் சிற்றுளியால் கண், மூக்கு, நகை எல்லாம் திருத்த வேண்டும். அதைச் செய்தவர்கள் நம் ஊர்ப் பத்தர்கள். ஆனால் அடியில் இருப்பது கடைக்காரர் பெயர் மட்டும். தட்டியவர் பெயர் எங்கும் இல்லை. கட்ச் பகுதியின் புஜ் நகரில் ஊமர்சி மாவ்ஜி என்ற கைவினைஞர் தன் பெயரின் முதலெழுத்துகளைத் தானே குத்திக்கொண்டார். அதனால் இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் அவருக்குப் பெயர் இருக்கிறது. நம் பத்தருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அவர் கைவேலை மட்டுமே மிச்சம். அதையும்தான் நாங்கள் உருக்கக் கொடுத்தோம்.

ஆகவே பிள்ளைகளே, எதையும் போடுவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்.

நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தில் சோதித்த, 92.5 சதவீத வெள்ளி. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். ராணியின் தலையும் இருந்தால் வரி கட்டிய அடையாளம். அந்த வரி 1890இல் எடுக்கப்பட்டது. இங்கே செய்ததில் இவை இருக்காது. பிரிட்டிஷ் இந்தியாவில் அரசு முத்திரை கிடையாது, கடையின் பெயரே உத்தரவாதம்.

'ஈ.பி.என்.எஸ்.' என்றிருந்தால் ஏமாறாதீர்கள். அது நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோமே, செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதன்மேல் மின்சாரத்தால் பூசிய வெள்ளி முலாம். பர்மிங்காமின் எல்கிங்டன் கம்பெனி 1840இல் காப்புரிமை பெற்ற முறை. நடுத்தரக் குடும்பத்து மேஜைக்கும் 'வெள்ளி' வந்தது அதனால்தான்.

அத்தை மகளிடம் போன வாரம் அந்தக் கொலுசைப் பற்றிக் கேட்டேன். "அதை அப்பவே மாத்திட்டு வேற மாடல் வாங்கிட்டேனே அத்தான்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. படித்தவன் நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பணமுடை வந்தால் விற்கத்தான் வேண்டும், அதை நான் தடுக்கமாட்டேன். விற்பதற்கு முன் அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துச் சொல்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்