சராப்பு

காசு மாற்றித் தருபவரையும், காசு நல்லதா கள்ளமா என்று நோட்டம் பார்ப்பவரையும் 'சராப்பு' என்றார்கள். மூலம் அரபு. 'ஸர்ஃப்' என்றால் திருப்புதல், மாற்றுதல்; அதைத் தொழிலாகச் செய்பவர் 'ஸர்ராஃப்'. சொல் உருமாறுவதை ஆராயும் இலக்கணப் பிரிவுக்கும் அரபியில் 'ஸர்ஃப்' என்றே பெயர். பொருத்தம்தான்!

பாரசீகம், இந்துஸ்தானி வழியே சொல் இந்தியாவெங்கும் பரவியது. ஆங்கிலேயர் வாயில் அது 'ஷ்ராஃப்' ஆயிற்று. அவர்களோடு கப்பலேறி ஹாங்காங் போய்ச் சேர்ந்தது. அங்கே வண்டி நிறுத்துமிடங்களில் பணம் கட்டும் சாளரத்தின் மேல் இன்றும் 'ஷ்ராஃப்' என்ற பலகையைக் காணலாம். யாரோ முதலாளியின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம், காசாளர், அவ்வளவுதான். இந்தூரின் சராஃபா கடைவீதியோ பகலில் நகைக்கடை, இரவில் தின்பண்டக் கடை. மும்பையில் ஷ்ராஃப் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது.

தமிழுக்கு இது இரவல் சொல். நாணயம் நோட்டம் பார்ப்பவருக்கு நம்மிடம் 'வண்ணக்கன்' என்ற பழஞ்சொல் உண்டு. புறநானூற்றுப் புலவர் தாமோதரனாரின் பெயருக்கு முன்னால் நிற்பதும் அதுவே: வடம வண்ணக்கன் தாமோதரனார்.