விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள்

அடகு வைத்த நகையை மீட்கிறோம். தேவாலயத்திலும் மீட்பு, மீட்பர் என்கிறோம். திருத்தூதர் பவுல் தன் கடிதங்களில் எழுதிய 'அபொலூட்ரோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலும் இதே பணவாடை உண்டு. மீட்புத்தொகை கட்டிக் கைதியையோ அடிமையையோ விடுவிப்பது என்று அதற்குப் பொருள்.

கிரேக்கத்தின் தெல்பியில், அப்பொல்லோ கோயில் மதிலிலும் சுற்றியுள்ள கற்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விடுதலைச் சாசனங்கள் வெட்டப்பட்டுள்ளன. எசமானர் தன் அடிமையைத் தெய்வத்துக்கு 'விற்பார்'. பணம் பெரும்பாலும் அடிமை வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. தெய்வம் பெயரளவில் வாங்குபவர். பல சாசனங்களில் 'பரமோனே' என்ற நிபந்தனையும் உண்டு: எசமானர் சாகும்வரை கூடவே இருந்து பணி செய்ய வேண்டும். முழு விலையும் கட்டியபின்னும் காத்திருந்த அந்தப் பெண்களையும் ஆண்களையும் நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

பவுலின் உருவகம் இங்கிருந்து பிறந்தது என்றார் ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் டைஸ்மான், 1908இல். பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை. தெல்பியில் விடுதலையானவர் அப்பொல்லோவின் அடிமை ஆகவில்லை. பவுலுக்கோ, வாங்கப்பட்டவர் கிறிஸ்துவின் அடிமை. எனக்கும் மறுப்பே சரியாகப் படுகிறது. பவுல் கண்முன் இருந்தது கோயில் மதில் அல்ல, ஆள் விற்கும் சந்தை. தன்னையே அவர் அடிமை என்றுதான் எழுதினார். நம் பழைய தமிழ் வேதாகமம் அதை 'ஊழியக்காரன்' என்று மென்மையாக்கிவிட்டது.

கொரிந்து சபையில் அடிமைகளும் இருந்தார்கள். 'நீங்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள்' என்று பவுல் அந்தச் சபைக்கு எழுதியது, சந்தையில் நின்றவர் காதில் விழுந்தால் என்ன ஆகியிருக்கும்? தன் மதிப்பை முதன்முறையாக உணர்ந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்த எசமானருக்கும் அதே பேச்சு நிம்மதி தந்திருக்கலாம்: ஆன்மா விடுதலையானால் போதுமே! 2ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேசியஸ், சபைப் பணத்தில் விடுதலை பெற அடிமைகள் ஆசைப்படக் கூடாது என்று ஸ்மிர்னா ஆயர் பொலிகார்ப்புக்கு எழுதினார். அப்படி ஆசைப்பட்டவர்கள் இருந்ததால்தானே தடுக்க வேண்டியிருந்தது?

சுமார் 380இல் கப்படோசியாவில் நிஸ்ஸா ஆயர் கிரகோரி, வேதாகமத்தின் பிரசங்கி நூலை விளக்கும்போது அந்த விலையைக் கணக்காகவே கேட்டார். கடவுளின் சாயலுக்கு எத்தனை ஓபல் காசு? உலகையே ஆளப் படைக்கப்பட்டவரை ஒரு துண்டு விற்பனைப் பத்திரம் எப்படி அடிமையாக்கும்? அடிமை வைத்திருப்பதையே இப்படி நேராகத் தாக்கிய வேறொரு குரல் அக்காலத்தில் கிடைப்பது அரிது.

ஆனால் சார்டீனியாவில் ஒரு வெண்கலக் கழுத்து வளையம் கிடைத்தது. அதை அணிந்தவர் ஃபெலிக்ஸ் என்பவரின் அடிமை. நான் தப்பி ஓடாமல் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஃபெலிக்ஸ் திருச்சபையின் தலைமைத் திருத்தொண்டர்.