பேக்-மேனும் ஈ.டி.யும்: அட்டாரி சரிந்த வரலாறு

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேமை அமெரிக்க வீடுகளின் அன்றாடப் பொழுதுபோக்காக மாற்றியது அட்டாரி நிறுவனம். நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் 1972இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இந்த நிறுவனத்தை, 1976இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் ஏறத்தாழ 2.8 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த அதன் ஆட்டக் கருவி, பிற்பாடு அட்டாரி 2600 என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. ஆட்டம் கருவிக்குள் இல்லை, தனியாக விற்கப்பட்ட கார்ட்ரிட்ஜில் இருந்தது. கருவியை ஒரு முறை வாங்கிய குடும்பம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் கார்ட்ரிட்ஜ் வாங்கிக்கொண்டே இருக்கும், லாபம் அதில்தான்.

1980இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸின் வீட்டு வடிவம் வந்தது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களில் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த அந்த ஆட்டத்துக்காகவே கருவியை வாங்கியவர்கள் ஏராளம். கருவியின் விற்பனை பல மடங்கு கூடியது. அட்டாரியின் மேலிடம் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தது: மக்களுக்குத் தெரிந்த பெயரை விலைக்கு வாங்கிவிட்டால் சரக்கு தானாக விற்கும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நன்றாகச் செய்யப்பட்ட ஆட்டம் என்பது இந்தக் கணக்கில் சேரவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளின் தவறுகள் அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆட்டத்தைச் செய்பவர்கள் மீது நிறுவனத்துக்கு இருந்த மதிப்பும் குறைவு. 1978இல் புஷ்னெல் வெளியேற, ஜவுளித் தொழிலிலிருந்து வந்த ரே கசார் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஒரு ஆட்டம் எத்தனை லட்சம் விற்றாலும் அதை எழுதிய நிரலாளரின் பெயர் பெட்டியில் இடம்பெறாது. விற்பனையில் பங்கும் கிடையாது. பெயரும் பங்கும் கேட்டுக் கிடைக்காத டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட், லாரி கப்லான் ஆகிய நால்வரும் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தின் தோற்றத்தில் பங்கேற்றார்கள். ஒரு நிறுவனத்தின் கருவிக்கு வேறொரு நிறுவனம் கார்ட்ரிட்ஜ் விற்பது அதற்குமுன் நடந்திராத ஒன்று. அட்டாரி வழக்குத் தொடுத்தும் அதைத் தடுக்க முடியவில்லை.

இந்தச் சூழலில்தான் பேக்-மேன் வந்தது. ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவதானி வடிவமைத்த அந்த ஆட்டம் 1980இல் ஆர்கேடுகளில் அறிமுகமாகி அமெரிக்காவை ஆட்டிப் படைத்தது. அதன் வீட்டு வடிவத்தை அட்டாரிக்காக எழுதியவர் டாட் ஃபிரை. அவர் கையில் இருந்த கருவியின் எல்லைகளைத் தெரிந்துகொண்டால்தான் நடந்தது புரியும். அட்டாரி 2600இன் நினைவகம் வெறும் 128 பைட். முழுத் திரைப் படத்தையும் சேமித்துவைக்க அதில் இடமே இல்லை. தொலைக்காட்சிக் குழாயின் கதிர் திரையில் ஒவ்வொரு வரியாக நகரும்போது, அந்தந்த வரிக்கு என்ன நிறம், என்ன உருவம் என்பதை நிரல் அந்தக் கணத்திலேயே சொல்லிக்கொண்டு போக வேண்டும். தனித்து நகரும் உருவங்களாகக் கருவியின் வரைகலைச் சிப் தந்தது இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, அவ்வளவே. இரண்டு பேர் எதிரெதிராக ஆடும் பாங், டாங்க் போன்ற ஆட்டங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கருவி அது. பேக்-மேனிலோ நாயகனோடு நான்கு பேய்களும், நூற்றுக்கணக்கான புள்ளிகளும் ஒரே நேரத்தில் திரையில் இருக்க வேண்டும்.

ஃபிரை கண்ட வழி, ஒவ்வொரு திரைச் சட்டகத்திலும் ஒரு பேயை மட்டும் வரைவது. நொடிக்கு 60 சட்டகம் ஓடும் திரையில் ஒவ்வொரு பேயும் கால்வாசி நேரமே தெரிந்தது. பேய்கள் ஓயாமல் மினுங்கின. கறுப்புப் பின்னணி நீலமாகிவிட்டது. பழங்கள் இருந்த இடத்தில் ஒரு கட்டம், புள்ளிகள் இருந்த இடத்தில் சிறு கோடுகள். இடவலமாக இருந்த சுரங்கவழி மேலும் கீழுமாக மாறியது. மேலே போனாலும் கீழே போனாலும் பேக்-மேனின் வாய் பக்கவாட்டிலேயே திறந்து மூடியது. எல்லாவற்றையும்விடக் காதில் உறுத்தியது ஒலி: ஆர்கேடில் கேட்ட அந்தத் துள்ளல் போய், தகரத்தைத் தட்டுவது போன்ற ஓசை வந்தது. ஆட்டம் 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் அடக்கப்பட்டது. 8 கிலோபைட் கார்ட்ரிட்ஜ் அப்போதே புழக்கத்தில் இருந்தது, ஆனால் செலவு கூடுதல். 1983இல் 8 கிலோபைட்டில் வந்த மிஸ் பேக்-மேன் அதே கருவியில் எவ்வளவோ நேர்த்தியாக ஓடியது. ஆகவே பழியைக் கருவியின் மேல் போடுவது நியாயமில்லை. சிக்கனமும் அவசரமும்தான் பேக்-மேனைக் கெடுத்தன.

1982 மார்ச்சில் வெளியான அந்த ஆட்டம் 70 லட்சத்துக்கும் மேல் விற்று, அட்டாரி 2600இன் மிக அதிகம் விற்ற கார்ட்ரிட்ஜ் ஆனது. அட்டாரி தயாரித்ததோ சுமார் 1 கோடியே 20 லட்சம் என்று சொல்லப்படுகிறது. அப்போது வீடுகளில் இருந்த கருவிகளே அந்த எண்ணிக்கைக்குக் குறைவு. ஆட்டக்காரர்களின் ஏமாற்றம் இந்த விற்பனைக் கணக்கில் தெரியவில்லை. கார்ட்ரிட்ஜை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், செருகிப் பார்த்த பிறகுதான் அது ஏமாற்றம் என்று தெரியும். அதற்குள் காசு கைமாறிவிடும். ஏமாந்த சிறுவனும் அவனுடைய பெற்றோரும் அடுத்த கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் தயங்கும்போதுதான் கணக்கில் வெட்டு விழும். அந்த இடைவெளியை வெற்றி என்று வாசித்ததே அட்டாரியின் பெரும்பிழை.

அடுத்த பெரிய கார்ட்ரிட்ஜ் ஈ.டி. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் திரைப்படம் 1982 ஜூனில் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. வார்னரின் தலைவர் ஸ்டீவ் ராஸ் அதன் கேம் உரிமைக்காக 2 கோடி முதல் 2.5 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. பேச்சுவார்த்தை முடிந்தபோது ஜூலை கடைசி. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடைகளில் சரக்கு இருக்க வேண்டுமானால், கார்ட்ரிட்ஜ் தயாரிப்புக்கு நிரல் செப்டம்பர் 1க்குள் கைக்கு வந்தாக வேண்டும். வழக்கமாக ஒரு ஆட்டத்துக்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். ஈ.டி.க்குக் கிடைத்தது ஐந்து வாரம்.

ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா அந்தப் பொறுப்பை ஏற்றார். யார்ஸ் ரிவெஞ்ச், ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க் ஆகிய இரண்டையும் எழுதிய அவர், அட்டாரியின் தலைசிறந்த நிரலாளர்களில் ஒருவர். வீட்டிலும் ஒரு நிரலாக்கக் கருவியை வைத்துக்கொண்டு இரவு பகலாக உழைத்தார். பேக்-மேன் போல ஒன்றைச் செய்யலாமே என்று ஸ்பீல்பெர்க் கேட்டதாகவும், புதிதாக ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்று தாம் நினைத்ததாகவும் வார்ஷா பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஆறு திரைகளை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்கள்போல் இணைத்த உலகம். அதில் சிதறிக் கிடக்கும் தொலைபேசியின் மூன்று துண்டுகளைத் தேடிச் சேர்த்து, விண்கலத்தை அழைத்து, வேற்றுக்கிரகவாசியான ஈ.டி. வீடு திரும்ப வேண்டும். துரத்திவந்து துண்டுகளைப் பறிக்க ஒரு உளவு அதிகாரி, பிடித்துக்கொண்டு போக ஒரு விஞ்ஞானி, உதவிக்குச் சிறுவன் எலியட். ஐந்து வாரத்தில் ஒருவர் எழுதியது என்பதை நினைத்தால், இந்தத் திட்டம் துணிச்சலானது. பாராட்டத்தக்கதும்கூட.

ஆட்டத்தைக் கெடுத்தவை பள்ளங்கள். தொலைபேசித் துண்டுகள் பள்ளங்களுக்குள் இருக்கும். விழுந்தால் கழுத்தை நீட்டி மெல்ல மிதந்து மேலேற வேண்டும். தரையோ மேலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்டது, ஈ.டி.யோ பக்கவாட்டில் நின்றிருந்தது. அதன் கால் உறுதியான தரையில் இருக்க, தலையின் ஒரு பிக்சல் மேலே உள்ள பள்ளத்தின் ஓரத்தைத் தொட்டாலும் விழுந்ததாகவே நிரல் கொண்டது. பாடுபட்டு மேலேறியவுடன் மறுபடி விழுவது சாதாரணம். கண்ணுக்குத் தெரிவதும் நடப்பதும் பொருந்தாததால், தன் தவறு என்னவென்று ஆடும் குழந்தைக்கு விளங்கவே இல்லை. கையேட்டைப் படிக்காமல் திரையின் உச்சியில் தோன்றும் குறிகளின் பொருளும் புரியாது. 2013இல் ஆர்வலர் ஒருவர் பழைய நிரலைத் திருத்தி, கால் பள்ளத்தில் பட்டால் மட்டும் விழும்படி மாற்றிக் காட்டினார். மாற்றம் சிறிதுதான், ஆட்டம் ஆடக்கூடியதாகிவிட்டது. ஆட்டக்காரர்களிடம் கொடுத்துச் சோதிக்க இன்னும் சில வாரங்கள் இருந்திருந்தால் வார்ஷாவே இதைச் செய்திருப்பார் என்று நம்ப இடமிருக்கிறது. ‘உலகின் மிக மோசமான கேம்’ என்ற பட்டத்தை அந்த ஆட்டமும் அவரும் பல ஆண்டுகள் சுமந்தது நேர்மையான தீர்ப்பல்ல. காலக்கெடுவை வைத்தவர்கள் வேறு.

ஈ.டி. 40 லட்சமோ அதற்கும் மேலோ தயாரிக்கப்பட்டதாகவும், சுமார் 15 லட்சம் விற்றதாகவும் கணக்கு சொல்கிறார்கள். விற்றதிலும் ஒரு பகுதி கடைகளுக்குத் திரும்பியது. இதற்கெல்லாம் முன்பே, 1981 அக்டோபரில் அட்டாரி தன் மொத்த வியாபாரிகளிடம் 1982ஆம் ஆண்டு முழுமைக்குமான ஆர்டரை முன்கூட்டியே கேட்டிருந்தது. முந்தைய ஆண்டுகளில் கேட்ட சரக்கு கிடைக்காமல் தவித்த வியாபாரிகள், பாதியாவது வரட்டும் என்று தேவைக்கு மேல் எழுதிக்கொடுத்தார்கள். அட்டாரி எல்லாவற்றையும் தயாரித்துவிட்டது. ஆண்டு இறுதியில் ஆர்டர்கள் ரத்தாயின. 1982 டிசம்பர் 7 அன்று வார்னர் தன் வருவாய் மதிப்பீட்டை வெகுவாகக் குறைத்து அறிவிக்க, மறுநாள் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது.

ஆக்டிவிஷனைப் பார்த்துக் களமிறங்கிய நிறுவனங்கள் பல. குவேக்கர் ஓட்ஸ் ஒரு கேம் நிறுவனத்தை நடத்தியது. நாய் உணவு விற்கும் பூரினாவுக்கும் ஒரு கேம் இருந்தது. கடைகளில் குவிந்த சரக்கு தள்ளுபடிக்கு வந்து, 30 டாலருக்கு விற்ற கார்ட்ரிட்ஜ் 5 டாலருக்கு இறங்கியது. 5 டாலருக்குப் பத்துப் பெட்டி கிடக்கும்போது புதிய ஆட்டத்துக்கு முழு விலை கொடுக்க யாரும் முன்வரவில்லை. விலை குறைந்துகொண்டே வந்த கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளின் பக்கம் பெற்றோர்களும் திரும்பினார்கள். அட்டாரி 1983இல் 50 கோடி டாலருக்கு மேல் நட்டமடைந்தது. அந்த ஆண்டு ஜூலையில் கசார் பதவி விலகினார். 1984இல் வீட்டுக் கேம், கணினிப் பிரிவை ஜாக் டிராமியலுக்கு வார்னர் விற்றுவிட்டது. அமெரிக்க வீட்டுக் கேம் சந்தையே 320 கோடி டாலரிலிருந்து 1985இல் 10 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியதாக மதிப்பிடப்படுகிறது. இவ்வளவும் ஈ.டி. ஒன்றால் நேர்ந்ததல்ல. சரக்குக் குவிப்பும், கட்டுப்பாடில்லாத போட்டியும், பேக்-மேனில் தொடங்கிய அவநம்பிக்கையும் சேர்ந்தே அந்த வீழ்ச்சியை உண்டாக்கின.

1983 செப்டம்பரில், டெக்சாஸின் எல் பாசோவில் இருந்த அட்டாரி கிடங்கிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோ நகரக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, புதைக்கப்பட்டு, மேலே கான்கிரீட் ஊற்றப்பட்டது. செய்தித்தாள்கள் அப்போதே எழுதியும், காலப்போக்கில் பலர் அதைக் கட்டுக்கதை என்றே நினைத்தார்கள். 2014 ஏப்ரல் 26 அன்று, சாக் பென் இயக்கிய ஆவணப்படத்துக்காக அந்த இடம் தோண்டப்பட்டது. ஏறத்தாழ 1,300 கார்ட்ரிட்ஜ்கள் வெளியே எடுக்கப்பட்டன. வார்ஷாவும் அங்கே நின்றிருந்தார். புதைத்தது சுமார் 7,28,000 என்று அந்த வேலையை அன்று மேற்பார்வையிட்ட அட்டாரி மேலாளர் தெரிவித்தார். கிடைத்தவற்றில் ஈ.டி. ஒரு பகுதிதான். சென்டிபீட், மிசைல் கமாண்ட் போன்று நன்றாக விற்ற, நன்றாகவும் செய்யப்பட்ட ஆட்டங்களும் அதே குழியில் கிடந்தன. தோல்வியடைந்த ஒரு கேமின் கல்லறை அல்ல, விற்காத கிடங்குச் சரக்கின் குழி அது என்பது இதனால் உறுதியானது.

சந்தையை மீட்டெடுத்தது ஜப்பானின் நின்டெண்டோ. 1983இல் ஃபாமிகாம் என்ற பெயரில் ஜப்பானில் வெளியான கருவியை, 1985 அக்டோபரில் நியூயார்க்கில் புதிய உருவத்தோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கருவிக்குள் ஒரு பூட்டுச் சிப் இருந்தது. நின்டெண்டோவின் அனுமதி பெறாத கார்ட்ரிட்ஜ் அதில் ஓடாது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து ஆட்டத்துக்கு மேல் வெளியிடக் கூடாது என்பது விதி. பெட்டியில் தர முத்திரை பதிக்கப்பட்டது. இந்த ஏற்பாடு குப்பைக் குவிப்பைத் தடுத்தது உண்மை. ஆனால் முத்திரை பெற்ற மோசமான ஆட்டங்களும் நிறையவே வந்தன. ஜப்பானியக் கருவியில் அந்தப் பூட்டு இல்லை. அதனால் அதைப் போலச் செய்த மலிவு விலைக் கருவிகள் ஆசியாவெங்கும் பரவின. 1990களில் தமிழகக் கடைகளில் ‘டிவி கேம்’ என்று விற்றவை அவைதான். ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் அச்சிட்ட ‘கேசட்’டைச் செருகினால் சில ஆட்டங்களே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். அந்த ஏமாற்றம் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பழகிப்போனது.

கார்ட்ரிட்ஜில் பதிந்த பிழையைத் திருத்த வழியே இல்லை. இணையம் வந்தபின் அந்த நிலை மாறியது. கூடவே, முடிக்காத ஆட்டத்தை விற்றுவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற துணிவும் வந்தது. 2016 ஆகஸ்டில் ஹலோ கேம்ஸ் வெளியிட்ட நோ மேன்ஸ் ஸ்கையில், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்ற நம்பிக்கை நேர்காணல்களில் ஊட்டப்பட்டிருந்தது. வெளியான உடனேயே இருவர் ஒரே கோளின் ஒரே இடத்துக்குப் போய் நின்றும் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. சிறிய அந்தக் குழு, வசைகளுக்கு நடுவே பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. முழுமையான கூட்டாட்டம் 2018 ஜூலையில் விலையில்லா மேம்படுத்தலாக வந்தது.

போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2012இல் அறிவித்த சைபர்பங்க் 2077, பலமுறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. அதற்கு முன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டியிருந்தார்கள். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினி வடிவம் மட்டுமே. பிளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் ஆட்டம் திக்கித் திணறி, அடிக்கடி நின்றுபோனது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக்கொடுக்க முன்வந்தது. 2021 ஜூனில் அது கடைக்குத் திரும்பியது. ஆட்டத்தின் அடிப்படைகளையே மாற்றியமைத்த 2.0 மேம்படுத்தல் 2023 செப்டம்பரில் வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் அது வழங்கப்படவில்லை.